48 நாள் பொடியும் 54 நோய்களும்

கேள்வி: என் தந்தைக்கு வயது 63. பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வந்தார். காலை ஏழு மணிக்கு டிவியில் வரும் மருத்துவ நிகழ்ச்சி ஒன்றில், ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கள் மூலிகைப் பொடியைச் சாப்பிட்டால் சர்க்கரை நோய் வேரோடு போய்விடும் என்று ஒருவர் பேசினார். சின்னத்திரை நடிகர் ஒருவரும் அதை ஆமோதித்தார். ரூ.12,800 கொடுத்து மூன்று டப்பா பார்சலில் வாங்கினோம். போனில் பேசிய பெண், "இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்தினால்தான் பொடி வேலை செய்யும்" என்றார். அப்பாவும் நிறுத்தினார். முதல் இரண்டு வாரம் சர்க்கரை குறைந்தது. ஐந்தாவது வாரத்தில் காலில் புண் வந்து, அரசு மருத்துவமனையில் வலது காலின் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. எட்டு மாதம் ஆகிறது. காவல் நிலையத்தில், "இது கன்ஸ்யூமர் கோர்ட் விஷயம்" என்று அனுப்பிவிட்டார்கள். நிறுவனமோ, ரூ.6,000 தருகிறோம், ஒரு தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறது. டப்பாவில் சித்த மருந்து உரிம எண் எதுவும் இல்லை. உணவு உரிம எண் மட்டுமே இருக்கிறது. "நாங்கள் விற்றது சத்து மாவு, மருந்தே அல்ல" என்று சொல்லித் தப்பித்துவிடுவார்களா? மூன்றாவது டப்பா பிரிக்கப்படாமல் அப்படியே வீட்டில் இருக்கிறது.
வாசகர், விருதுநகர் மாவட்டம்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் தந்தையார் இப்போது மாத்திரைகளை மீண்டும் ஒழுங்காக எடுத்துக்கொள்கிறார் என்று நம்புகிறேன். அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லாததால் முதலில் கேட்டுவைக்கிறேன்.

நிறுவனம் "சத்து மாவு" என்று சொல்வதிலிருந்தே தொடங்கலாம். இத்தகைய பொருள்களை விற்பவர்கள் அனைவரும் கடைசியில் ஒதுங்கும் திண்ணை அதுதான். மருந்து என்று உரிமம் கேட்டால் செய்முறை, மூலப்பொருள், தகுதி பெற்ற பணியாளர், தரச்சோதனை என்று பல கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். உணவு என்று உரிமம் வாங்குவது அதைவிட எளிது. ஆகவே டப்பாவில் 14 இலக்க உணவு உரிம எண்ணை அச்சிட்டுவிட்டு, டிவியில் மட்டும் நோய் தீரும் என்று பேசுகிறார்கள். உணவு அதிகாரி கேட்டால் லேபிளைக் காட்டுவார்கள், நோயாளி கேட்டால் வீடியோவைக் காட்டுவார்கள். ஆனால் இந்த ஏற்பாட்டை முன்கூட்டியே கணித்து எழுதப்பட்டதுபோல ஒரு பழைய சட்டம் நம்மிடம் இருக்கிறது.

மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரங்கள் சட்டம் 1954ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அந்தச் சட்டத்தில் மருந்து என்பதன் பொருள், உரிமத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது அல்ல. ஒரு நோயைக் கண்டறிய, குணமாக்க, தணிக்க, தடுக்க என்று எந்தப் பொருள் முன்வைக்கப்பட்டாலும் அது அந்தச் சட்டத்தின் கண்ணில் மருந்துதான். உடலின் அமைப்பையோ உறுப்புகளின் செயல்பாட்டையோ மாற்றுவதாகச் சொல்லப்படும் பொருள்கள் பற்றிய உட்பிரிவில்தான் உணவுக்கு விலக்கு இருக்கிறதே தவிர, நோயைக் குணமாக்கும் என்று சொல்லும் உட்பிரிவில் அந்த விலக்கு இல்லை. கேழ்வரகு மாவையே ஒருவர் டப்பாவில் அடைத்து, இது சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்தாலும் அவர் இந்தச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறார். ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: அந்த வாதம் சொல்லித் தப்பிக்க முடியாது, ஆனால் நீங்கள் சரியான கதவைத் தட்ட வேண்டும்.

இந்தச் சட்டத்துடன் 54 நோய்களும் நிலைகளும் அடங்கிய அட்டவணை ஒன்று இணைக்கப்பட்டிருக்கிறது. புற்றுநோய், கண்புரை, காக்காய் வலிப்பு, இதய நோய், இரத்த அழுத்தம், சிறுநீரகக் கல், வெண்குஷ்டம், உடல் பருமன், பக்கவாதம், காசநோய், பெண்களின் மலட்டுத்தன்மை, ஆண்மைக்குறைவு, ஆளின் உயரம் என்று நீளும் அந்தப் பட்டியலில் ஒன்பதாவதாக இருப்பது நீரிழிவு. (பேருந்து நிலையச் சுவர்களில் நாம் காலம்காலமாகப் பார்க்கும் மூலம், பவுத்திரம் போஸ்டர்களுக்கு இந்த அட்டவணையில் இடமில்லை என்பதை இங்கே ஒரு வேடிக்கையாகச் சொல்லி வைக்கிறேன்.) அட்டவணையில் உள்ள ஒரு நோய்க்கு இந்தப் பொருளைப் பயன்படுத்துங்கள் என்று பொதுமக்களை நோக்கி விளம்பரம் செய்வதே, மூன்றாவது பிரிவின்படி குற்றம். பொடி வேலை செய்கிறதா, இல்லையா என்ற கேள்வியே அங்கு எழாது. நீங்கள் ஆய்வகத்துக்கும் பேராசிரியர்களுக்கும் அலைந்து அந்தப் பொடி பயனற்றது என்று நிரூபிக்க வேண்டிய தேவையில்லை. அப்படி ஒரு விளம்பரம் வந்தது, அதை அவர்கள் செய்தார்கள் அல்லது அதில் பங்கேற்றார்கள் என்று காட்டினால் போதும். இதைத்தான் என்னிடம் வருபவர்களுக்கு நான் முதலில் புரியவைக்கிறேன். பலரும் பொடியைக் குற்றவாளியாக்க ஓடி, ஆறு மாதத்தை வீணாக்கிவிட்டு, அதற்குள் விளம்பரம் நீக்கப்பட்டபின் வந்து நிற்கிறார்கள்.

விளம்பரம் என்ற சொல்லுக்கு அந்தச் சட்டம் கொடுக்கும் விரிவும் குறிப்பிடத்தக்கது. நோட்டீஸ், சுற்றறிக்கை, லேபிள், மேலுறை, வாய்மொழி அறிவிப்பு ஆகியவற்றோடு, ஒளியாலோ ஒலியாலோ புகையாலோ செய்யப்படும் எந்த அறிவிப்பும் அதில் அடங்கும். விமானம் வானத்தில் புகையால் எழுதும் விளம்பரத்தை மனத்தில் வைத்து எழுதியிருப்பார்கள் போலும். இன்று யூடியூபும் வாட்ஸ்அப் வீடியோவும் அந்த ஒளி ஒலிக்குள் சிரமமின்றி அடங்கிவிடுகின்றன. போனில் அந்தப் பெண் சொன்னதைக்கூட வாய்மொழி அறிவிப்பு என்று வாதிட இடமுண்டு, என்றாலும் என் வழக்கை நான் அதன்மேல் கட்டமாட்டேன்.

இந்தச் சட்டம் கருத்துரிமைக்கு எதிரானது என்று ஹம்தர்த் தவாகானா என்ற யுனானி மருந்து நிறுவனம் உச்ச நீதிமன்றம் சென்றது. 1959 டிசம்பரில் வந்த தீர்ப்பு, வேறு நோய்களையும் பட்டியலில் சேர்க்க அரசுக்கு வரையறையின்றித் தரப்பட்டிருந்த அதிகாரத்தையும், பறிமுதல் பற்றிய எட்டாவது பிரிவையும் நீக்கியது. ஆனால், தடைசெய்யப்பட்ட மருந்துகளை விற்பதற்கான வணிக விளம்பரம் கருத்துரிமையின் காப்புக்குள் வராது என்று சொல்லி, சட்டத்தின் அடிப்படையை நிலைநிறுத்தியது. 1963இல் சட்டம் திருத்தப்பட்டபோது 9ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. உங்கள் ஊர்க் காவல் நிலையத்துக்கு நீங்கள் எடுத்துச்செல்ல வேண்டிய பிரிவு இதுதான். இந்தச் சட்டத்தின் கீழான குற்றங்கள் அனைத்தும் காவல்துறை நேரடியாக வழக்குப் பதியத்தக்கவை என்று அது சொல்கிறது. எனவே "இது கன்ஸ்யூமர் கோர்ட் விஷயம்" என்று உங்களிடம் சொன்னது சரியல்ல. எழுத்துமூலமான புகாரை அவர்கள் வாங்க மறுத்தால், பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா எனும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 175(3) பிரிவின்படி குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் மனுச் செய்து விசாரணைக்கு உத்தரவு கோரலாம். 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், இந்தச் சட்டத்தின் கீழ் பொதுமக்கள் புகார் கொடுப்பதற்கான ஏற்பாட்டை இரண்டு மாதத்துக்குள் உருவாக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டிருக்கிறது. உங்கள் புகாரில் அந்த உத்தரவையும் குறிப்பிடுங்கள்.

இந்த உத்தரவு பிறந்த வழக்கைப் பற்றி நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். இந்திய மருத்துவச் சங்கம் 2022இல் பதஞ்சலி நிறுவனத்தின் விளம்பரங்களை எதிர்த்துத் தொடர்ந்த வழக்கு அது. நீதிமன்றத்தில் உறுதி கொடுத்த பிறகும் விளம்பரங்கள் தொடர்ந்ததால் 2024 பிப்ரவரியில் அவமதிப்பு நோட்டீஸ் அனுப்பப்பட்டது. நிறுவனத்தினர் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார்கள், நாளிதழ்களிலும் மன்னிப்பு வெளியிட்டார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் அவமதிப்பு நடவடிக்கை முடித்துவைக்கப்பட்டது. இதே காலத்தில், ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்து விளம்பரங்களுக்கு முன்அனுமதி கோரிய, மருந்து விதிகளின் 170ஆம் விதியை மத்திய அரசு நீக்கியது குறித்தும் சர்ச்சை நடந்தது. அந்த விதி இருக்கிறதா இல்லையா என்று யாராவது உங்களைக் குழப்பினால் கண்டுகொள்ள வேண்டாம். விதி போனாலும் 1954ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியேதான் இருக்கிறது. தவிரவும், அந்த விதி உரிமம் பெற்ற தயாரிப்பாளர்களுக்கானது, உங்களுக்குப் பொடி விற்ற நிறுவனத்திடம் அந்த உரிமமே இல்லை.

அவர்களைச் சிறைக்கு அனுப்பிவிட முடியும் என்று நான் ஆசை காட்டமாட்டேன். முதல் முறை குற்றத்துக்கு அதிகபட்சம் ஆறு மாதச் சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும், மறுமுறை செய்தால் ஓராண்டு வரை, என்பதுதான் இந்தச் சட்டம் தரும் தண்டனை. குறைந்தபட்சத் தண்டனை என்று எதுவும் வகுக்கப்படவில்லை. எழுபது ஆண்டுக்கு முன் எழுதிய தண்டனையை இன்னும் அப்படியே வைத்திருப்பது வெட்கக்கேடு என்பது என் கருத்து. தண்டனை இவ்வளவு சிறியது என்பதால் வேறொரு சிக்கலும் வருகிறது. ஓராண்டு வரை சிறை விதிக்கத்தக்க குற்றங்களை, குற்றம் நடந்து ஓராண்டுக்குப் பின் நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொள்ள முடியாது என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 514ஆம் பிரிவு சொல்கிறது. தாமதத்தை மன்னிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அதை நம்பிப் படுத்துக்கொள்ளக் கூடாது. உங்களுக்கு எட்டு மாதம் போய்விட்டது. விளம்பரம் இன்றும் ஒளிபரப்பாகிறது என்றால் ஒவ்வொரு ஒளிபரப்பும் புதிய குற்றம் என்று வாதிடலாம். ஆகவே நாளைக் காலை ஏழு மணிக்கு டிவியைப் போட்டுப் பாருங்கள், தேதி, நேரம், சேனல் பெயர் ஆகியவற்றைக் குறித்துப் பதிவு செய்யுங்கள்.

புகாரில் பாரதிய நியாய சன்ஹிதா எனும் புதிய தண்டனைச் சட்டத்தின் 318(4) பிரிவான மோசடியையும் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கு ஏழாண்டு வரை தண்டனை உண்டு, ஓராண்டு வரம்பும் பொருந்தாது. ஆனால் தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று அங்கே நிரூபிக்க வேண்டியிருக்கும்.

சாட்சியம் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இத்தகைய வழக்குகள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். சில ஆண்டுகளுக்கு முன் நான் புகார்தாரர் பக்கம் நின்ற ஒரு நுகர்வோர் வழக்கில், வக்கீல் நோட்டீஸ் போன மறுவாரமே எதிர்தரப்பினர் வீடியோவை நீக்கிவிட்டு, அப்படியொரு விளம்பரம் தாங்கள் செய்யவே இல்லை என்று பதில்மனு தாக்கல் செய்தார்கள். எங்கள் கையில் இருந்தது, வீட்டு டிவியைச் செல்போனில் எடுத்த நாற்பது வினாடிப் பதிவு மட்டும். அதில் பேச்சைவிடக் குக்கர் விசில்தான் தெளிவாகக் கேட்டது. கடைசியில் எங்களைக் காப்பாற்றியது, பார்சலுக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்த ஒரு ரோஸ் நிற நோட்டீஸ். முதல் தேதி திருச்சி, மூன்றாம் தேதி மதுரை, ஐந்தாம் தேதி திருநெல்வேலி, இன்ன லாட்ஜில் வைத்தியரை நேரில் சந்திக்கலாம் என்ற பயண அட்டவணையும், எந்தெந்த நோய் தீரும் என்ற பட்டியலும், அடியில் அச்சகத்தின் பெயரும் அதில் இருந்தன. அச்சிட்டவரும் விளம்பரத்தில் பங்கேற்றவராகவே சட்டத்தில் கருதப்படுவார் என்பதால், அந்த அச்சக உரிமையாளர் பில் புத்தகத்துடன் வந்து நின்றார். எனவே பார்சல் கவர், கூரியர் சீட்டு, உள்ளே இருந்த துண்டுத்தாள்கள் எதையும் எறியாதீர்கள்.

வீடியோ, வாட்ஸ்அப் செய்தி, போன் பதிவு ஆகியவை எந்தச் செல்போனில் இருக்கின்றனவோ அந்தச் செல்போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். மின்னணுச் சாட்சியத்துக்கு பாரதிய சாக்ஷிய அதினியம் எனும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அதில் ஒரு பகுதியை நீங்களும் மற்றொரு பகுதியை ஒரு நிபுணரும் நிரப்ப வேண்டும், கோப்பின் ஹேஷ் மதிப்பையும், அதாவது கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் அடையாள எண்ணையும், குறிக்க வேண்டும். வெறும் ஸ்கிரீன்ஷாட்டைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் எதிர்தரப்பு வக்கீலுக்கு வேலை எளிதாகிவிடும்.

மருத்துவமனை டிஸ்சார்ஜ் சுருக்கத்தோடு, இதற்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனை அறிக்கைகளையும் சேர்த்து வையுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உங்கள் தந்தையாருக்கு வீட்டுக்கே மாத்திரை வந்துகொண்டிருந்ததா? அப்படியானால் அந்த அட்டையில் எந்த மாதம் வரை மாத்திரை வாங்கினார், எப்போது வாங்குவதை நிறுத்தினார் என்ற விவரம் இருக்கும். "அவராகவே மருந்தை நிறுத்திக்கொண்டார், எங்கள்மேல் என்ன தவறு" என்று நிறுவனம் நிச்சயம் கேட்கப்போகிறது. நிறுத்திய தேதிக்கும், அந்தப் பெண் போனில் பேசிய தேதிக்கும் உள்ள நெருக்கத்தை அந்த அட்டையும் உங்கள் போன் அழைப்புப் பட்டியலும் சேர்ந்து காட்டிவிடும்.

முதல் இரண்டு வாரம் சர்க்கரை குறைந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். உணவுக் கட்டுப்பாட்டால் குறைந்திருக்கலாம். ஆனால் இத்தகைய மூலிகைப் பொடிகளில் கிளிபென்கிளமைடு, மெட்ஃபார்மின் போன்ற ஆங்கில மருந்துகளையும், மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டையும் ரகசியமாகக் கலப்பது உலகம் முழுவதும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிற பழைய தந்திரம். உங்கள் டப்பாவில் அப்படி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் சோதிக்க வேண்டும். அப்படி எதுவும் கண்டறியப்பட்டால் வழக்கின் எடையே மாறிவிடும். பாதுகாப்பற்ற உணவால் கொடுங்காயம் ஏற்பட்டால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி ஆறாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கால்விரலை இழப்பது கொடுங்காயம்தான். உரிமமின்றி மருந்து தயாரித்தது குறித்து, சென்னை அரும்பாக்கத்தில் உள்ள இந்திய மருத்துவம் மற்றும் ஓமியோபதித் துறைக்கு ஒரு புகாரும், உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறை நியமன அலுவலருக்கு ஒரு புகாரும் தனித்தனியே அனுப்புங்கள். ஒருவர் இது மருந்து என்றும் மற்றவர் இது உணவு என்றும் உங்களைப் பந்தாடக்கூடும். ஆகவே இரண்டு புகார்களிலும் மற்றொன்றின் நகலை இணைத்து விடுங்கள்.

இனி இழப்பீடு. குற்ற வழக்கு உங்கள் கைக்குப் பணம் கொண்டுவராது. அதற்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் தனியே புகார் செய்ய வேண்டும். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. இரண்டாண்டுக் காலவரம்பு உண்டு. ரூ.12,800 மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். சிகிச்சைச் செலவு, இழந்த வருமானம், உடல் ஊனம், மன உளைச்சல் அனைத்தையும் கணக்கிட்டுக் கேளுங்கள். விளம்பரத்தால் ஏற்பட்ட தவறான எண்ணத்தைத் திருத்த, அவர்கள் செலவிலேயே திருத்த விளம்பரம் வெளியிடும்படி உத்தரவிடவும் ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அந்தக் கோரிக்கையைக் கட்டாயம் சேர்க்கச் சொல்வேன், ஏனென்றால் அதே ஏழு மணிக்கு அதே சேனலில் மற்ற தந்தைமார் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நடிகரையும் சேனலையும் பிடிக்க முடியாதா என்பது உங்கள் கடிதத்தில் வெளிப்படையாக இல்லாத கேள்வி. அதற்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது. தயாரிப்பாளர்மீதும் விளம்பரத்தில் தோன்றியவர்மீதும் பத்து லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் ஐம்பது லட்சம் வரையும் அது தண்டம் விதிக்கலாம். தோன்றியவர் ஓராண்டு வரை எந்த விளம்பரத்திலும் நடிக்கக்கூடாது என்றும் தடை செய்யலாம். தக்க கவனத்துடன் விசாரித்த பிறகே தோன்றினேன் என்று நிரூபித்தால் நடிகர் தப்பலாம். வழக்கமான தொழில்முறையில் வெளியிட்டேன் என்று சேனலும் சொல்லலாம். ஆனால் எந்தப் பொருளுக்கும் அதிசய சக்தி இருப்பதாகத் தோன்றச் செய்யும் விளம்பரத்தைக் கேபிள் டிவி விதிகளே தடைசெய்திருக்கும்போது, அந்த வாதம் சேனலுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பது கேள்விக்குரியது. தவறான விளம்பரத்துக்கு இரண்டாண்டு வரை சிறை விதிக்கும் 89ஆம் பிரிவும் இதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில்தான் இருக்கிறது, ஆனால் அதன்படி வழக்குத் தொடர இந்த மத்திய ஆணையத்தால் மட்டுமே முடியும். நீங்கள் நேராக நீதிமன்றம் போக இயலாது.

இந்த ஆணையத்துக்கான புகாரைக் கொடுக்க டெல்லி போக வேண்டாம். மாவட்ட ஆட்சியரிடமே கொடுக்கலாம் என்று 17ஆம் பிரிவு சொல்கிறது, விசாரிக்கும் அதிகாரமும் ஆட்சியருக்கு உண்டு. திங்கள்கிழமை மக்கள் குறைதீர் நாளில் மனுவைக் கொடுத்து, எண்ணிட்ட ரசீதைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். பட்டா, முதியோர் உதவித்தொகை மனுக்களுக்கு நடுவில் உங்கள் மனு விநோதமாகத் தெரியலாம். அதற்காகவே மேலே "நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 17இன் கீழ் புகார்" என்று பெரிய எழுத்தில் தலைப்பிடுங்கள்.

நிறுவனம் நீட்டும் ஆறாயிரத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். கையெழுத்திட்டாலும் அரசு தொடரும் குற்ற வழக்கு அதனால் மட்டும் முடிந்துவிடாது. ஆனால் "எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை" என்ற ஒரு வரி அந்தத் தாளில் இருந்தால், நுகர்வோர் ஆணையத்தில் உங்கள் இழப்பீட்டுக் கோரிக்கைக்கு அதுவே தடையாக வந்து நிற்கும். அவர்களோடு இனிப் போனில் பேச வேண்டாம். எதுவானாலும் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.

பிரிக்காத அந்த மூன்றாவது டப்பாவை நீங்களே தனியார் ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்று உடைத்துவிடாதீர்கள். நுகர்வோர் ஆணையத்தில் அதை ஒப்படைத்தால், ஆணையமே முத்திரையிட்டு உரிய ஆய்வகத்துக்கு அனுப்பி, 45 நாளில் அறிக்கை கேட்கும். அந்த அறிக்கைக்குக் கிடைக்கும் மதிப்பு நீங்கள் தனியே வாங்கிய அறிக்கைக்குக் கிடைக்காது. அதுவரை டப்பாவை ஒரு கவரில் போட்டு, வாங்கிய தேதியை மேலே எழுதி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். அந்தக் கண்றாவியைக் கண்ணில் காட்டாதே என்று உங்கள் தாயார் ஒருநாள் அதைக் குப்பையில் கொட்டிவிடக்கூடும். அவரிடம் முன்பே சொல்லி வைத்துவிடுங்கள்.